கணக்குக் கேட்காத ஊர்

(இலண்டனில் தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் நம் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. இந்த வருடக் கவுன்சில் வரி இவ்வளவு என்று சொல்லும் கடிதம். தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறோம். தவணை தவணையாகக் கட்டி முடிக்கிறோம். 2023இல் குரொய்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு வந்த கடிதத்தில் அந்தத் தொகை ஒரேயடியாக 15 வீதம் கூடியிருந்தது. ஐந்து வீதத்துக்கு மேல் கூட்ட வேண்டுமானால் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதுதான் அந்த ஆண்டின் பொது விதி. குரொய்டனுக்கு அரசாங்கம் அந்த விதியைத் தளர்த்திக் கொடுத்தது. அதே ஆண்டில் எசெக்ஸில் உள்ள தரொக்கிலும், ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே உள்ள ஸ்லாவிலும் ஏறத்தாழ 10 வீதம் கூடியது. அடுத்த ஆண்டு பேர்மிங்ஹாமிலும் அதே 10 வீதம்.

அந்தக் கூடுதல் பணத்துக்குப் புதிய நூலகம் வரவில்லை, புதிய வீதி வரவில்லை. குரொய்டனில் 2024இல் நான்கு நூலகங்கள் மூடப்பட்டன. கூடக் கட்டினோம், குறையப் பெற்றோம். இது ஏன் நடந்தது, யார் கேள்வி கேட்டிருக்க வேண்டும், இனி யார் கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் சட்டத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பத்திரிகைகள் இந்தக் கவுன்சில்களை வங்குரோத்தானவை என்று எழுதுகின்றன. இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு கவுன்சில் வங்குரோத்தாக முடியாது. 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவு சொல்வது இது: இந்த வருடச் செலவு வருமானத்தை மிஞ்சப் போகிறது என்று தலைமை நிதி அதிகாரி கண்டால், அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த கணத்திலிருந்து புதிய செலவுகள் நிற்கும். சட்டம் கட்டாயப்படுத்தும் சேவைகள் மட்டும் தொடரும். 21 நாட்களுக்குள் உறுப்பினர்கள் கூடி என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. டெட்ராய்ட் நகரம் 2013இல் நீதிமன்றத்துக்குப் போய் வங்குரோத்து அறிவித்தபோது, கடன் கொடுத்தவர்களும் நட்டத்தில் பங்கெடுக்க வேண்டி வந்தது. இங்கிலாந்தில் கடன் கொடுத்தவருக்குக் கடைசிப் பென்ஸ் வரை திரும்பிவிடும். நட்டம் முழுவதும் ஊரின் மேல் விழும். பராமரிப்பாளர் வருகைக்குக் காத்திருக்கும் முதியவர், நடக்க முடியாத பிள்ளை, நூலகத்தில் இருந்து படிக்கும் மாணவி ஆகியோரின் மேல் விழும். கடன் கொடுப்பவருக்கு இழப்புப் பயம் இல்லாத இடத்தில் அவர் கேள்வியும் கேட்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இது அடிப்படை.

கவுன்சில்கள் ஏன் இந்த வழிக்குப் போயின? 2010க்குப் பிறகு மத்திய அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுத்த நிதி ஏழு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இது தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் கணக்கு. இன்னொரு புறம் முதியோர் பராமரிப்பும், பெற்றோரிடம் இருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பும், வீடற்றோருக்கான தற்காலிகத் தங்குமிடமும் வருடா வருடம் செலவைக் கூட்டின. இவை சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை. இந்த நெருக்கடியை மறைத்துவிட்டு, எல்லாம் கவுன்சில்காரரின் பேராசை என்று பேசுவது நீதியாகாது.

அதே வேளையில் மூன்று கதவுகள் திறந்திருந்தன. முதலாவதாக, 2011ஆம் ஆண்டு உள்ளூர்மயச் சட்டம், ஒரு தனிமனிதர் சட்டப்படி செய்யக்கூடிய எதையும் கவுன்சிலும் செய்யலாம் என்ற பொது அதிகாரத்தைக் கொடுத்தது. இந்த நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் முன்பு வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தது. ஹமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் 1980களில் வட்டி வீதம் ஏறுமா இறங்குமா என்று வங்கிகளோடு பெருந்தொகை ஒப்பந்தங்கள் செய்தது. 1991 ஜனவரியில் பிரபுக்கள் சபை நீதிபதிகள், அப்படி ஊகம் செய்யக் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை, ஒப்பந்தங்கள் செல்லாது என்று சொன்னார்கள். நட்டம் வங்கிகளுக்குப் போனது, ஊர் தப்பியது. இருபது ஆண்டுகளில் அந்தக் காலம் மாறிவிட்டது.

இரண்டாவது கதவு மலிவான கடன். பொதுப்பணிக் கடன் சபை என்று ஒன்று இந்த நாட்டில் நெடுங்காலமாக, 2020 வரை, இருந்தது. திறைசேரியின் பணத்தைக் கவுன்சில்களுக்குக் கடனாகக் கொடுப்பது அதன் வேலையாக இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எவ்வளவு கடன் தாங்கும் என்பதைக் கவுன்சிலே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றானது. கடன் சபை, எதற்காகக் கேட்கிறாய், எப்படித் திருப்புவாய் என்று துருவிக் கேட்கவில்லை. இரண்டு மூன்று வீத வட்டிக்கு வாங்கி, ஐந்து ஆறு வீத வாடகை வரும் கட்டடங்களில் போட்டார்கள். 2016 முதல் 2019 வரையான மூன்று நிதியாண்டுகளில் மட்டும் இங்கிலாந்துக் கவுன்சில்கள் வர்த்தகக் கட்டடங்களுக்குச் செலவிட்ட தொகை 6.6 பில்லியன் பவுண். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளோடு ஒப்பிட்டால் 14 மடங்கு. பல கட்டடங்கள் அந்தந்தக் கவுன்சிலின் எல்லைக்குள்கூட இல்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, 2020 நவம்பரில்தான், வருமானம் தேடி மட்டும் சொத்து வாங்கும் கவுன்சிலுக்குக் கடன் இல்லை என்று திறைசேரி கதவைச் சாத்தியது.

மூன்றாவது கதவில் ஒரு காவலாளி இருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1983 முதல் கவுன்சில்களின் கணக்குகளைக் கண்காணித்து வந்த கணக்காய்வு ஆணைக்குழுவை அரசாங்கம் 2015 மார்ச்சுடன் கலைத்துவிட்டது. சிக்கனம் என்றார்கள். தனியார் கணக்காய்வு நிறுவனங்களிடம் வேலை போனது, வேலை தேங்கியது. 2022–23ஆம் நிதியாண்டின் கணக்குகளைக் குறித்த நாளுக்குள் கணக்காய்வு முடித்து வெளியிட்ட உள்ளூராட்சி அமைப்புகள் நூற்றுக்கு ஒன்று. மற்ற 99இல் என்ன நடக்கிறது என்று அந்த நாளில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

இந்தப் பின்னணியில் மூன்று ஊர்களைப் பார்ப்போம்.

தரொக் ஊரை நம் மூத்தவர்கள் அறிவார்கள். கொழும்பில் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த பலர் காலடி வைத்த டில்பரித் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்க் கவுன்சில் நூற்றுக்கும் மேற்பட்ட மற்றக் கவுன்சில்களிடம் குறுகிய காலக் கடன் வாங்கியது. அதில் 655 மில்லியன் பவுணை நாடெங்கும் உள்ள 53 சூரிய மின்பண்ணைகளோடு தொடர்புடைய கடன் பத்திரங்களில் போட்டது. சில மாதங்களில் திருப்ப வேண்டிய பணத்தைப் பல வருடங்கள் கழித்து வரும் வருமானத்தில் கட்டி வைத்தார்கள். இன்று கைமாற்றாக வாங்கிய காசில் இருபது வருடச் சீட்டுக் கட்டுவதுபோல இது. கைமாற்றுக் கொடுத்தவர் கேட்கும் வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சில ஆண்டுகள் வட்டி வந்தது; அந்த வட்டியில் சேவைகள் நடந்தன; மற்றக் கவுன்சில்கள் பொறாமையோடு பார்த்தன. பணம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை வெளியிடக் கவுன்சில் நீண்ட காலம் மறுத்தது. புலனாய்வு ஊடகவியலாளர்கள் 2020 முதல் விடாமல் எழுதினார்கள். 2022 செப்டெம்பரில் அரசாங்கம் தலையிட்டது. நவம்பரில் அந்த மின்பண்ணைகளை வைத்திருந்த கம்பனி நொடித்தது. டிசம்பரில் 114ஆம் பிரிவு அறிவித்தல் வந்தது. அந்த ஓராண்டின் துண்டுவிழும் தொகை 470 மில்லியன் பவுண் அளவில் இருந்தது.

இரண்டாவது ஊர் வோக்கிங். சரே மாவட்டத்தில், ஒரு இலட்சம் பேர் வாழும் வசதியான சிறு நகரம். அந்த நகரத்துக்கு வானளாவும் கட்டடங்கள் வேண்டும் என்று கவுன்சில் ஆசைப்பட்டது. விக்ரோரியா சதுக்கம் என்ற திட்டத்தில் மாடி வீடுகள், கடைத்தொகுதி, ஹில்ரன் ஹோட்டல் எல்லாம் எழுந்தன. செலவு 700 மில்லியன் பவுண் அளவில். கடன் சபையிடம் வாங்கிக் கவுன்சில் தன் சொந்தக் கம்பனிகளுக்குக் கடன் கொடுத்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் நடைமுறையில் ஒரே மேசையில் இருந்தார்கள். 2023 ஜூனில் 114ஆம் பிரிவு அறிவித்தல் வந்தபோது கடன் ஏறத்தாழ 2 பில்லியன் பவுண். அந்த ஆண்டு கவுன்சில் தன் சேவைகளுக்கெனச் செலவிடக்கூடிய அடிப்படை நிதி 16 மில்லியன். குழந்தை முதல் கிழவி வரை ஒவ்வொருவர் தலையிலும் 19,000 பவுண் கடன்.

இங்கே ஒரு கணக்கு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். உண்மையான ஆபத்து அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு கவுன்சில் ஐம்பது வருடக் கடன் வாங்கினால், முதலைத் திருப்புவதற்காக ஒவ்வொரு வருடமும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். இதைக் குறைந்தபட்ச வருமான ஒதுக்கீடு என்பார்கள். நம் வீட்டுக் கடனில் வட்டியோடு முதலும் கழிவது போன்ற ஏற்பாடு இது. வோக்கிங், தன் கம்பனிகள் ஒருநாள் பணத்தைத் திருப்பும் என்று சொல்லி, இந்த ஒதுக்கீட்டைப் போதிய அளவு செய்யாமல் விட்டது. அதனால் வரவுசெலவு ஏட்டில் கடன் பாரமாகத் தெரியவில்லை. வட்டி மட்டும் தெரிந்தது. அதையும் கம்பனிகளிடம் இருந்து வரும் வட்டி சமன் செய்வதாகத் தெரிந்தது. அந்தக் கம்பனிகளுக்கும் கவுன்சில்தான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. சரியான ஒதுக்கீட்டைப் போட்டுப் பார்த்த நாளில் 1.2 பில்லியன் பவுண் பள்ளம் தெரிந்தது.

மூன்றாவது குரொய்டன். இலண்டன் நகரப் பிரிவுகளில் சனத்தொகை மிகக் கூடியது. நம் கோவில்களும் கடைகளும் தமிழ்ப் பாடசாலைகளும் உள்ள இடம். அந்தக் கவுன்சில் வீடு கட்டுவதற்கு ‘பிரிக் பை பிரிக்’ என்ற சொந்தக் கம்பனியைத் தொடங்கி ஏறத்தாழ 200 மில்லியன் பவுண் கடன் கொடுத்தது. 2018இல் ஒரு ஹோட்டலை 29.8 மில்லியனுக்கு வாங்கியது. கொரோனா வந்த 2020இல் ஹோட்டலை நடத்தியவர்கள் நொடித்தார்கள். அடுத்த ஆண்டு வாங்கிய விலையைவிடக் குறைவாகவே அது விற்கப்பட்டது. 2020 ஒக்டோபரில் வெளிக் கணக்காய்வாளர்கள் ஒரு பொதுநல அறிக்கை வெளியிட்டார்கள். வீட்டுக் கம்பனியில் இருந்து கவுன்சிலுக்கு அதுவரை இலாபமும் வரவில்லை, வட்டியும் வரவில்லை என்று அதில் எழுதினார்கள். அந்த நிறுவனம் முழுவதையும் ஒரு கூட்டுக் குருட்டுத்தனம் பீடித்திருந்தது என்றும் எழுதினார்கள். அடுத்த மாதம் 114ஆம் பிரிவு அறிவித்தல் வந்தது.

தரொக் கவுன்சிலைக் கொன்சவேட்டிவ் கட்சி நடத்தியது. குரொய்டனை லேபர் கட்சி நடத்தியது. ஆகவே இதைக் கட்சிச் சண்டையாக்கித் தப்பிக்க முடியாது. நொட்டிங்ஹாம் நகரம் ஏழைகளுக்கு மலிவாக மின்சாரமும் எரிவாயுவும் கொடுக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 2015இல் ரொபின் ஹூட் எனர்ஜி என்ற கம்பனியைத் தொடங்கியது. 2020இல் அது மூடப்பட்டபோது நகரம் இழந்தது ஏறத்தாழ 38 மில்லியன் பவுண். நல்ல நோக்கமும் கணக்குக்கு ஈடாகாது.

பேர்மிங்ஹாமை மட்டும் நான் வேறாக வைக்கிறேன். 2023 செப்டெம்பரில் அந்த நகரம் விழுந்ததற்கு முதல் காரணம், சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கொடுக்காமல் விட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு பில்லியனுக்கு மேல் கொடுத்த பிறகும் 760 மில்லியன் வரை பாக்கி இருக்கலாம் என்று நகரம் சொன்னது. அது சூதில் இழந்த பணம் அல்ல. உழைத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலி. அதோடு, 19 மில்லியனில் முடியும் என்று தொடங்கிய ஒரு புதிய கணினி முறை 100 மில்லியன் வரை விழுங்கியது. அந்தக் கணினி முறை ஒழுங்காக வேலை செய்யாததால், தன் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றே நகரத்துக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஆனால் இதே பேர்மிங்ஹாம்தான் கடன் வாங்குவதில் உலகத்துக்கே பாடம் சொல்லித் தந்த நகரம். 1873 முதல் 1876 வரை ஜோசப் சேம்பர்லின் அங்கே மேயராக இருந்தார். நகரத்தின் இரண்டு எரிவாயுக் கம்பனிகளையும் கடன் வாங்கி நகரத்துக்கே சொந்தமாக்கினார். முதல் ஆண்டிலேயே 34,000 பவுண் இலாபம் வந்தது. அடுத்து தண்ணீர்க் கம்பனியை வாங்கினார். தண்ணீரில் இலாபம் பார்க்கக் கூடாது, அது மக்களின் ஆரோக்கியம் என்று கொள்கை வகுத்தார். அவருடைய பிற்கால ஏகாதிபத்திய அரசியலை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கடனை உற்றுப் பாருங்கள். வாங்கிய சொத்து ஊருக்குள் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஊர் மக்கள். கணக்கு சபையில் வைத்து விவாதிக்கப்பட்டது. பாராளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதித்தது. தரொக்கின் கடனில் இந்த நான்குமே இல்லை. கடன் வாங்குவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடமும் பாலமும் கடனில்தான் எழும். கேள்விக்கு உட்படாத கடன்தான் ஊரை அழிக்கிறது.

இன்று அரசாங்கம் தரும் மருந்து என்ன? விதிவிலக்கான நிதி உதவி என்று பெயர். 2025–26ஆம் ஆண்டுக்கு 30 கவுன்சில்களுக்கு இந்த உதவி கிடைத்தது. பெயர் உதவியே தவிர, பெரும்பாலும் இது கொடையாக வருவதில்லை. அன்றாடச் செலவுக்கு மேலும் கடன் வாங்கவும், நிலத்தையும் கட்டடத்தையும் விற்று அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கவும் கிடைக்கும் அனுமதி அது. கடனால் விழுந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் கடன். ஊர்ப் பொதுச் சொத்து ஒருமுறை விற்றால் விற்றதுதான். நம் பேரப்பிள்ளைகளுக்கு அது திரும்பி வராது. அரசாங்கம் அனுப்பும் ஆணையாளர்கள் வருகிறார்கள். நாம் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர்களுக்கு மேலே அமர்கிறார்கள். அவர்களுக்கான கட்டணத்தையும் நாமே கட்டுகிறோம்.

இனி நான் கேட்டு நிற்பது ஒன்றே. கடன் சபை கேட்கவில்லை. அமைச்சர்கள் கேட்கவில்லை. காவலாளியைக் கலைத்துவிட்டார்கள். பல உறுப்பினர்களுக்கு முழு விவரம் காட்டப்படவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை இன்னும் ஒருவரிடம் இருக்கிறது. அது நாம். 2014ஆம் ஆண்டு உள்ளூர் கணக்காய்வுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாட்கள் கவுன்சிலின் கணக்குகள் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். கணக்கேட்டை மட்டுமல்ல, அதற்கு ஆதாரமான ஒப்பந்தங்களையும் பற்றுச்சீட்டுகளையும் பார்க்கலாம். வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ள எவரும் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபம் எழுதலாம். சட்டத்தரணி தேவையில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஈஸ்ட் ஹாமை உள்ளடக்கிய நியூஹாம் கவுன்சில் வங்கிகளிடம் நீண்ட காலச் சிக்கல் கடன்கள் பெருமளவில் வாங்கியிருந்தது. குறித்த நாட்களில் வட்டியைக் கூட்டும் உரிமை வங்கிக்கு இருந்த கடன்கள் அவை. நியூஹாமிலும் வேறு சில இடங்களிலும் சாதாரண வாசிகள் இந்த உரிமையைப் பயன்படுத்தி ஆட்சேபம் எழுதினார்கள். விஷயம் வெளியே வந்தது. 2019இல் ஒரு பெரிய வங்கியோடான அந்தக் கடன்களை நியூஹாம் முன்கூட்டியே முடித்துக்கொண்டது.

நம் சமூகத்தில் கணக்காளர்களுக்குக் குறைவில்லை. கோவில் கணக்கில் ஐம்பது பவுண் பிசகினால் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தத் துணிவைக் கவுன்சில் மண்டபத்துக்கும் கொண்டு போங்கள். இந்தக் கோடையில் உங்கள் கவுன்சிலின் இணையத்தளத்தில் கணக்குப் பார்வைக்கான நாட்களைத் தேடிக் குறித்து வையுங்கள். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து போங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்: மொத்தக் கடன் எவ்வளவு? முதலைத் திருப்ப இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள்? கவுன்சிலின் சொந்தக் கம்பனிகளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எவ்வளவு திரும்பி வந்தது? கடைசியாகக் கணக்காய்வு முழுமையாக முடிந்த ஆண்டு எது? பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வரும் வேட்பாளரிடமும் இதே நான்கையும் கேளுங்கள்.

தரொக்கிலும் வோக்கிங்கிலும் குரொய்டனிலும் இந்தக் கேள்விகள் உரிய காலத்தில் உரத்துக் கேட்கப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். வரி கட்டுபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. தயவுசெய்து கேளுங்கள்.